பூலோகத்தின் மான்கொம்புக் கத்திகள்

பூலோகத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் செம்பூரில் நாங்கள் வேலை பார்த்த எஞ்சினியரிங் கம்பெனியின் ட்ராயிங் ஹாலில் பன்னிரண்டு பேருக்கும் பென்சில் சீவித் தந்தது அவர்தான். எது கடினப் பென்சில், எது மென்மையானது என்பதைச் சீவும்போதே கை சொல்லிவிடும். "இது கல்லு மாதிரி இருக்கு சார், உங்களுது. இது வெண்ணெய், படேல் சாருக்கு" என்று பிரித்துப் பிரித்து வைப்பார். ஒரு தடவைகூட மாறியதில்லை. நடுவில் ஒரு வருஷம் பென்சில் சீவ மிஷின் வாங்கிச் சுவரில் மாட்டினார்கள். அது கரியைக் குட்டையாகச் சீவியது. படம் போடுகிறவனுக்குக் கரி நீளமாக, ஊசியாக வெளியே தெரிய வேண்டும். மிஷின் சுவரிலேயே துருப்பிடித்தது. பூலோகம் ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து சீவிக்கொண்டே இருந்தார்.

அவர் பியூன். எனக்கு மூன்று வயது மூத்தவர். அந்தக் காலத்தில் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், எல்லோரும் அப்படித்தான். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. இதை அப்போதே செய்திருக்கலாம்.

நான் வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அவர் கையிலிருந்த கத்தியைப் பார்த்து, "ஏன் பூலோகம், நேத்து வேற கத்தின்னா வச்சிருந்தே?" என்று கேட்டேன்.

அவர் சீவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தன வருசத்துல சார் ஒருத்தர்தான் கண்டுபிடிச்சிருக்கீய."

மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே கத்தியாகத்தான் தெரிந்திருக்கும். அவர் வைத்திருந்தவை அத்தனையும் ஒரே ஜாதி. ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும் மடக்குக் கத்தி. கைப்பிடியின் இரண்டு பக்கமும் மான்கொம்பு. ஒரே முனையிலிருந்து பெரியதும் சிறியதுமாக இரண்டு அலகு திறக்கும், மடக்கினால் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும். எல்லாம் இங்கிலாந்தில் செய்தவை, கப்பலோடு வந்தவை. ஆறு வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்து அப்போது பதினான்கு வைத்திருந்தார். தினம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். எதையும் சும்மா வைத்திருக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

கத்தி வந்த வழியையும் அவர் சொல்லித்தான் கேட்டேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினாறு வயதில் தாராவிக்கு வந்து, தோல் பதனிடும் கொட்டகை ஒன்றில் சேர்ந்திருக்கிறார். சுண்ணாம்புத் தொட்டியில் எட்டு வருஷம். கை வெந்து வெந்து தோல் உரிந்துவிட்டது. அங்கிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது ரஹ்மத்துல்லா பாய். பாய் மேலப்பாளையத்துக்காரர், குர்லாவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். எங்கள் கம்பெனியின் கழிவு இரும்பை எடுப்பவர் அவர்தான், அந்தப் பழக்கத்தில் சொல்லிப் பூலோகத்துக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் பாய் கடைக்கு வந்த கப்பல் சாமான் குவியலில், துருவேறித் திறக்கவே முடியாமல் ஒரு கத்தி கிடந்திருக்கிறது. பூலோகம் அதை மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டார்.

"நாலாம் நாளு நகத்த வச்சி இழுக்கேன், தொறந்துட்டு சார். உள்ள அப்பிடியே வெள்ளி மாதிரி இருந்துது. நம்ம கைக்கி ஒண்ணு இப்பிடித் தொறக்கும்னு நான் நெனைக்கல."

"அது சரி, ஏன் இந்த மான்கொம்பு மட்டும்?"

"மாட்டுக் கொம்பு வழுக்கும் சார். இது கையப் புடிச்சிக்கிடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தோல் ஷாப்ல இருந்தப்போ என் கைய யாரும் தொட மாட்டாவ. வீச்சம் போவாது பாத்துக்கிடுங்க. அது மனசுல இருக்கும்லா" என்றார்.

எங்கள் ஹாலிலும் அவர் பென்சிலை மேஜையில்தான் வைப்பார். யாரும் கையில் வாங்கிக்கொண்டதாக நினைவில்லை.

பம்பாயில் அப்போது பொத்தானை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் ராம்பூரிக் கத்திக்கு ஏகப்பட்ட மவுசு. தாராவியில் பல பேர் இடுப்பில் இருந்தது. யாரோ ஒன்றைச் சும்மாவே கொடுக்க வந்தபோது பூலோகம் வாங்கிக்கொள்ளவில்லை. "அது என்னத்த வெட்டும்? ஒரு எலுமிச்சங்காய ஒழுங்கா நறுக்குமா? மெரட்டத்தான் லாயக்கு" என்றார்.

அறுபத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனேன். கத்திகளை எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கே ஆசை வந்துவிட்டது. மழை பெய்து சந்தெல்லாம் தண்ணீர். ஒரே அறை. அவர் மனைவி பேராச்சி, பக்கத்துத் தையல் பட்டறையிலிருந்து சட்டைகளை வாங்கிவந்து பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை இல்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்து, ஒரு பழைய வேட்டியை விரித்து அதன்மேல் வரிசையாக வைத்தார். பத்தொன்பது. மானுக்கு மான் கொம்பு மாறுமாம், ஒன்று காப்பிக் கொட்டை நிறம், ஒன்று சாம்பல், ஒன்று ஏறக்குறைய வெள்ளை. தையல் மிஷின் எண்ணெயில் துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"ஞாயித்துக்கெழமன்னா இதே வேலதான் சார்" என்றாள் பேராச்சி. "ஊர்ல ஆம்பளைய குடிக்காவ, சீட்டாடுதாவ. எனக்கு வாச்சது இது. பரவால்லன்னு இருக்கேன்."

"ஏட்டி, நீ தையி" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். தைத்த நூலை வெட்ட வேண்டியிருந்தபோது அவள் கத்திரியைத் தேடவில்லை. கையை நீட்டினாள். அவர் சின்ன அலகைத் திறந்து, பிடி அவள் பக்கமாக இருக்கும்படி கொடுத்தார். அவள் பார்க்காமலே வாங்கி, நூலை வெட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

அறுபத்தொன்பது பிப்ரவரியில் கலவரம் வந்தது. மாநில எல்லைத் தகராறில் ஆரம்பித்து, தென்னிந்தியக்காரன் என்றால் அடி என்று ஆனது. எங்கள் மாதுங்காவில் ஹோட்டல்காரர்கள் தமிழ்ப் பலகைகளைத் தாங்களே கழற்றி உள்ளே வைத்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் கம்பெனியை மூடி எல்லோரையும் போகச் சொன்னார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை. நான் சீஃப் எஞ்சினியர் காரில் மாதுங்கா வரைக்கும் போனேன். காரில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. கேட்டைத் தாண்டும்போது பூலோகம் நாலைந்து பேரோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு நடந்ததை ரஹ்மத்துல்லா பாய் சொல்லித்தான் அறிந்தேன். சயான் பக்கம் போலீஸ் சாலையை மறித்துச் சோதனை போட்டுக்கொண்டிருந்தது. கைகளைத் தூக்கச் சொல்லிப் பைகளைத் தடவினார்கள். "ஜேப் மே க்யா ஹை?", பையில் என்ன என்று கேட்டான் ஒருவன். பூலோகம் தானே எடுத்துக் கொடுத்தார். "பென்சில் கா சாக்கு, சாப்", பென்சில் சீவும் கத்தி என்றார். எப்படிச் சீவுவது என்று காட்டத்தான் கையை நீட்டியிருக்கிறார். கத்தியைப் பிடுங்க வருகிறான் என்று நினைத்து இன்னொருவன் லத்தியால் அந்தக் கையில் போட்டான்.

நாலாம் நாள் காலையில் ஊரடங்கை இரண்டு மணி நேரம் தளர்த்தினார்கள். எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பேராச்சி நின்றாள். மூன்று மாடி ஏறிவந்ததில் மூச்சு வாங்கியது. உள்ளே வரச் சொன்னேன், வாசற்படியிலேயே நின்றாள்.

"அவியளப் புடிச்சிட்டுப் போய்ட்டாவ சார். கத்தி வச்சிருந்தாவன்னு."

"யாரு சொன்னா?"

"கூட நடந்து வந்தவிய சொன்னாவ. நான் டேசனுக்குப் போனேன், உள்ள விடல. மராட்டியில என்னமோ சொல்லுதாவ, எனக்கு வெளங்கல. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும் சார். பென்சில் சீவுத கத்தின்னு. நீங்க படிச்சவிய, நீங்க சொன்னா கேப்பாவ."

என் மனைவி அபயாம்பாள் உள்ளேயிருந்து, "ஏன்னா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டாள். போனேன். "ரெண்டு நாளா பால் வாங்கக்கூடக் கீழ எறங்கலை நீங்க. இப்ப போலீஸ் ஸ்டேஷனுக்கா?" என்றாள், மெதுவாகத்தான். அவள்மேல் பழியைப் போட நான் இதை எழுதவில்லை. அவள் சொல்லாமலிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.

திரும்பி வந்து, "ஆபீஸ் திறக்கட்டும்மா. மேனேஜர்கிட்ட லெட்டர் வாங்கிண்டு போறேன். லெட்டர் இல்லாம போனா என்னையும் ஒக்கார வச்சுடுவா" என்றேன்.

"சரி சார்."

அபயாம்பாள் தண்ணீர் கொடுத்தாள். வாசலில் தனியாக வைத்திருக்கும் தம்ளரில். பேராச்சி குடித்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு படி இறங்கினாள். பிறகு நின்றாள்.

"வீட்டுல அந்த டப்பா கெடக்கே சார். அத என்ன செய்ய?"

"எத்தனை இருக்கு?"

"இருவத்திரெண்டு."

"வீட்டைச் சோதனை போட்டா இருபத்திரண்டு கத்தி எடுப்பான். பென்சில் சீவறதுக்குன்னு எவன் நம்புவான்? கண்காணாம எங்கயாவது போட்டுடு. அவன் வெளில வரணும்னா முதல்ல அதைப் போட்டுடு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னது சரிதானா என்று என் முகத்தில் தேடுகிறாள் என்று நினைத்தேன். "சரி சார்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

தாராவிக்குப் பின்னால் உப்புக்கழி உண்டு, காடி என்பார்கள். கடல் உள்வாங்கினால் முழுக்கச் சேறு. அவள் டப்பாவைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு போயிருக்கிறாள். டப்பாவோடு எறிந்தால் மிதந்து வந்துவிடும் என்று, முழங்கால் சேற்றில் இறங்கி நின்று, ஒவ்வொன்றாக எடுத்து எறிந்திருக்கிறாள். இருபத்திரண்டையும். வீட்டைச் சோதனை போட எந்தப் போலீஸும் கடைசிவரை வரவில்லை.

அலுவலகம் திறந்ததும் நான் மேனேஜரிடம் போனேன், அதை மட்டும் செய்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "இந்தச் சமயத்தில் கம்பெனி பெயர் போலீஸ் காகிதத்தில் வரக்கூடாது" என்றார். நான் இருக்கைக்குத் திரும்பினேன். அன்று என் பென்சிலை நானே பிளேடால் சீவி விரலை வெட்டிக்கொண்டேன்.

பூலோகத்தை வெளியே கொண்டுவந்தது ரஹ்மத்துல்லா பாய். தெரிந்த வக்கீலைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய், தன் கடைக்கு வந்த சாமானிலிருந்து தானே கொடுத்த கத்தி என்று சொல்லி, ஜாமீனும் நின்றார். அந்த நாட்களில், கத்தியைக் கொடுத்தவன் நான் என்று கோர்ட்டில் ஒரு முஸ்லிம் எழுந்து சொல்வது லேசான காரியமில்லை. பதினோராம் நாள் எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

பாய்தான் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். பேராச்சி அழவில்லையாம். வெந்நீர் வைத்துக் கொடுத்து, அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், டப்பா இருந்த இடத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"எல்லாத்தையும் காடியில போட்டுட்டேன். போலீசு வருவான்னு பயந்து போட்டுட்டேன்."

அவர் அவள் காலைப் பார்த்தார். பிறகு, "சேத்துல எறங்குனியாட்டி? கண்ணாடிச் சில்லெல்லாம் கெடக்குமே, கால்ல ஒண்ணும் குத்தலியே?" என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் அவள் அழுதாள் என்றார் பாய். அதைச் சொல்லும்போது பாய் கடைவாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கம்பெனி அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. போலீஸ் கேஸில் மாட்டிய ஆள் வேண்டாம் என்றார்கள். மார்ச்சில் ஒருநாள் தன் சாப்பாட்டுத் தூக்கையும் குடையையும் எடுத்துப்போக வந்தார். வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். நான் இரண்டையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

"மேனேஜர்கிட்ட சொல்லிப் பார்த்தேன், பூலோகம்."

"தெரியும் சார். சொல்லிருப்பிய."

குடையை வலது கையில் வாங்கினார். நடுவிரலும் மோதிர விரலும் மடங்கியபடியே நின்றன. எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. குடை நழுவியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "வாரேன் சார்" என்று போனார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சோர் பஜாருக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில் சொல்லவில்லை. இருபத்திரண்டு முடியாது, ஒன்றாவது அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. பழைய கடிகாரம், கிராமபோன் குழல், உடைந்த பூட்டு என்று கிடக்கும் தரைக்கடைகளில் குந்தி உட்கார்ந்து கிளறுவேன். மான்கொம்பு என்று சொல்லிச் சாயம் பூசிய மாட்டெலும்பைக் கொடுத்தார்கள். ஒரே அலகு உள்ளதைக் கொடுத்தார்கள். நவம்பரில் கிடைத்தது. இரண்டு அலகு, ஒரே முனை, சாம்பல் நிறக் கொம்பு. வாங்கிய பிறகுதான் பயம் வந்தது. அதைக் காகிதத்தில் சுற்றி, காய்கறிப் பைக்கு அடியில் வைத்து, மேலே முட்டைக்கோஸைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு போலீஸ்காரனைக் கண்டாலும் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் தாராவிக்குப் போனேன். பூலோகம் அப்போது பாய் கடையில் இருந்தார். கலந்து வரும் உலோகத்தில் பித்தளை, செம்பு, வெண்கலம் என்று பிரிக்கும் வேலை. அன்று ஞாயிறு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கோரைப்பாயை உதறிப் போட்டார்.

காகிதத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

பேராச்சி சட்டையும் ஊசியுமாகப் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பாம்பைக் கண்டதுபோல என்று சொன்னால் மிகையில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

பூலோகம் கத்தியை எடுத்துப் பார்த்தார். பழைய முறையில் நகத்தை வைத்துத் திறக்க முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். அலகு பளிச்சென்று வெளியே வந்தது. அதைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார், அலகைப் பிடிக்கும் வில் இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை மடக்கித் திறந்தார். முகம் ஒரு கணம் பழைய முகமாக இருந்தது.

"நல்ல கத்தி சார். நல்லாப் பாத்து வாங்கிருக்கீய. ஒங்கள ஏமாத்தல."

"உனக்காகத்தான் வாங்கினேன்."

"தெரியுது." மடக்கிக் காகிதத்தில் வைத்து, முன்போலவே சுற்றினார். "இனிமே இது எனக்கு வேண்டாம் சார். பையில கனமா எதுவும் இருந்தா நடக்கும்போது அங்கேயே கை போவுது. ரோட்ல ஆரும் என்னப் பாத்தா நின்னுருதேன். வெறும் பைன்னா நடந்துருவேன்." பேராச்சியைப் பார்த்தார். "அவளும் ஒறங்கணும்லா."

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவர் பாய் கடையைப் பற்றி, தண்ணீர்க் குழாய்ச் சண்டையைப் பற்றி எல்லாம் பேசினார். அலுவலகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நான் எழுந்தபோது, "சாருக்கு வழி தப்பும், ரோடு வரைக்கும் விட்டுட்டு வா" என்று அவளிடம் சொன்னார்.

சந்துகள் வழியே அவள் முன்னால் நடந்தாள். தோல் காய்கிற நாற்றமும் எங்கோ எண்ணெய் காய்கிற வாசனையும் கலந்து வந்தன. மெயின் ரோடு வந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றதும் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அவிய ஒங்கள ஒண்ணும் நெனைக்கல சார். சார் நல்லவருன்னுதான் இன்னைக்கும் சொல்லுதாவ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க போடச் சொல்லித்தான் போட்டேன்னு அவியகிட்டச் சொல்லல. நானா பயந்து போட்டேன்னுதான் சொல்லிருக்கேன். அப்பிடியே இருக்கட்டும். அவியளுக்கு இந்த ஊர்ல நெனச்சிக்கிட ஒரு சாராவது வேணும்லா."

"நீங்க என்னை மன்னிக்கணும்" என்றேன். அவளை முதல் தடவையாக 'நீங்க' என்று சொல்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவள் சயான் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸைப் பார்த்துவிட்டு, "இது மாதுங்கா போவும், ஏறிக்கிடுங்க" என்றாள். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்க்கும்போது, பாதி தைத்த சட்டை வீட்டில் கிடக்கிற அவசரத்தோடு அவள் சந்துக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.